தோலுக்கு இரண்டு லைனிங்

இன்று காலை இடுப்பில் மாட்டுகிற பம்பில் மருந்து ஏற்றும்போது ஒரு சொட்டு காக்கிச் சட்டையில் விழுந்துவிட்டது. இன்சுலினின் வாசனையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரித் தரையைக் கழுவி, ஈரம் காயுமுன் கதவைச் சாத்தியது போன்ற நெடி. சட்டை மாற்ற நேரமில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் வரை ஜீப்பில் அது என்கூடவே வந்தது. மேலகரம் தாண்டும்போது, வண்டி ஓட்டிய காவலர் மூக்கை உறிஞ்சி, "ஏட்டம்மா, வண்டிக்குள்ள டெட்டால் கொட்டிட்டா?" என்று கேட்டார். "இல்லய்யா, தெரிஞ்சவ ஒருத்தி கூட வாரா" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

நீ போய் ஒரு சீசன் முடிந்து அடுத்த சீசன் வந்துவிட்டது. சாரல் விழுகிறது, அருவிக்கரையில் கூட்டம் நெரிகிறது, பெண்கள் பக்கத்தில் எனக்கு அதே பந்தோபஸ்து. ஒரே மாற்றம், என் இடுப்பில் இருப்பது உன் பம்பு மிஷின். என்னுடையது போன மாதம் அருவிப் பாறையில் விழுந்து முகம் உடைந்தது. அந்த வாரம்தான் உன் வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டு அவரே உன்னுடையதைக் கொண்டுவந்து தந்தார். "இங்கன சும்மா கிடக்கு மேடம். நீங்க போட்டுக்கிட்டா அவளுக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும்" என்றார். ஆஸ்பத்திரி நர்ஸ் அதிலிருந்த உன் மருந்து அளவுகளை எடுத்துவிட்டு என் அளவுகளைப் போட்டுக் கொடுத்தாள்.

முதல் நாளே சாயங்காலம் நாலு பத்துக்கு அது இடுப்பில் மூன்று தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், ஒட்டிய இடத்தைப் பார் என்று ஒரு நினைவூட்டல். நான் வைக்கவில்லை. நர்ஸைக் கேட்டேன், அவளும் வைக்கவில்லையாம். அணைத்தேன். மறுநாள் நாலு பத்துக்கு மறுபடி வந்தது. மூன்று தடவை அணைத்தேன். நாலாவது நாள், "சரிட்டி, பாக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பக்கத்தில் யாரும் கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

அடுத்த வாரம் தோலில் அரிப்பு கிளம்பியது.

உனக்குத் தெரியும், எனக்கு அது வந்ததே கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை முப்பது வயசுக்கு மேல் வந்த இரண்டு பேர் என்றுதான் திருநெல்வேலி ஆஸ்பத்திரி பெஞ்சில் நாம் பழக்கமானோம். நீ தென்காசியில் டெய்லர், நான் போலீஸ். உனக்குப் பம்பு வந்த ஆறாம் மாதம், உன்னைப் பார்த்து நானும் அதே மாடலை வாங்கினேன். என் யூனிபார்முக்குள் அதற்கு ஒரு பை தைத்துக் கொடுத்தவளும் நீதான். ஆனால் பம்புக் குழலைத் தோலில் பிடித்து வைக்கும் ஒட்டுப் பசையை உன் தோல் ஏற்கவே இல்லை. குழலும் ஊசியும் பிளாஸ்திரியும் சேர்ந்த அந்தச் செட்டை உரித்தால் அச்சு வைத்தது போல ஒரு சிவப்புச் சதுரம், அதன் மேல் கடுகு கடுகாய் நீர்க்கொப்புளம். இடது விலாவுக்குக் கீழேதான் உனக்கு ரொம்ப மோசம். துணி வெட்டிக்கொண்டே முழங்கையால் அந்த இடத்தைத் தேய்ப்பாய்.

நான் என்ன சொன்னேன்? "ஒரு பிளாஸ்திரிக்கா இந்தப் பாடு? தோலு போனா வளரும்ட்டி, சுகரு எகிறுனா ஆளே இருக்க மாட்டே" என்று சிரித்தேன். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். புண்ணுக்கு ஒட்டுவார்களே, தடித்த ஜெல் பிளாஸ்திரி, அதைச் சதுரமாக வெட்டி முதலில் தோலில் ஒட்டி, அதன் மேல் செட்டை வைத்து ஊசியை இறக்கினாய். "மேல்துணி குத்தாம இருக்க லைனிங் குடுக்கோம்லா, அதே மாதிரிதான்" என்றாய். கொஞ்சம் அடங்கியது. பிறகு அதையும் மீறிச் சிவந்தது. அப்போதுதான் நான் பெரிய டாக்டர் மாதிரி, "அப்ப இன்னொரு லைனிங் குடு" என்றேன்.

நீ தையல் மிஷினைக் காட்டினாய். "துணி கனமா இருந்தா ஊசி அடி வரைக்கும் இறங்காதுட்டி. தையலு விட்டுப் போவும்" என்றாய். "ஆமா, நீ பெரிய இஞ்சினியரு" என்று சொல்லி, உன் கத்திரியாலேயே இரண்டு சதுரம் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக உன் இடது பக்கத்தில் நானே ஒட்டினேன். அதன் மேல் செட்டையும் நானே இறக்கினேன். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். "அரிக்கலட்டி" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாய். உன் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை நீ வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாயாம். முந்தின நாள் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இளநீரும் சோடாவும் கொடுத்திருக்கிறார்கள். நான் அருவிக்கரையில் இருந்தேன். ஐந்து மணிக்கு உன்னை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பம்பு உன் உடம்பில் இல்லை. சனிக்கிழமை காலை நீயும் இல்லை. அரிப்புப் பொறுக்காமல் நீயே கழற்றிப் போட்டுவிட்டாய் என்று தெருவே பேசியது. நானும் அதைத்தான் நம்பினேன். மையத்து எடுக்கும் முன் உன் பக்கத்தில் உட்கார்ந்து, அழுவதற்குப் பதில், "கழட்டிட்டியேட்டி கூறுகெட்டவளே" என்று உன் காதில் ஏசினேன். ஒரு வருஷம் அந்தக் கோபத்திலேயே இருந்தேன். கோபம் இருக்கும் வரை வேறொன்றும் உள்ளே வராது, பார்த்துக்கொள்.

இந்த வருஷம் எனக்கு அரிப்பு தொடங்கியது. தோலில் படுவது ஒட்டுப் பசைதான், மிஷின் இல்லை. உன் மிஷினுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்கே தெரியும். ஆனால் முதல் சதுரம் இடது விலாவுக்குக் கீழே வந்தது. நாலே நாளில், மாதக்கணக்காக நான் எதையும் ஒட்டாத இடங்களிலும் சதுரங்கள் எழும்பின. குளித்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால், வயிறு முழுக்க யாரோ உள்ளேயிருந்து முத்திரை குத்தியது போல இருந்தது. தோல் டாக்டர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "வருஷக்கணக்கா ஒட்டி ஒட்டித் திடீர்னு ஒரு நாள் அலர்ஜி ஆரம்பிக்கும்மா. ஆரம்பிச்சா பழைய இடமும் சேர்ந்து கிளம்பும். உடம்பு மறக்காது" என்றார். களிம்பு எழுதிக் கொடுத்தார். அது வேலை செய்யப் பத்து நாள் ஆகும் என்றார். பத்து நாள் பொறுக்கிற அரிப்பா அது?

ஒரு லைனிங் ஒட்டினேன். போதவில்லை. போன திங்கட்கிழமை சாயங்காலம் இரண்டாவதையும் ஒட்டினேன். நீ சொன்னது நினைவில்தான் இருந்தது. அரிப்புக்கு அறிவு கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே வாய் வறண்டது. சோதித்தால் முந்நூற்று நாற்பது. மிஷினில் மருந்து போட்டேன். போட்டாகிவிட்டது என்று காட்டியது. மத்தியானம் இன்னும் கூடியிருந்தது. மறுபடி போட்டேன், மறுபடி போட்டாகிவிட்டது என்றது. மிஷினே சொல்லும்போது நாம் யார் சந்தேகப்பட? நாலு மணி வாக்கில் அருவியில் தண்ணீர் கூடி, அபாயம் காட்டும் வளைவைத் தொட்டது. விசில் ஊதி எல்லோரையும் இறக்கினோம். பெண்கள் பக்கம் காலியாயிற்று. ஒருத்தி மட்டும் போகவில்லை. பாறையைப் பார்த்து, எனக்கு முதுகு காட்டி, பச்சை ஜாக்கெட்டில் நின்றாள். இடது முழங்கையால் விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இறங்கு!" என்று கத்தினேன். அருவி இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் ஜாக்கெட்டைக் கொஞ்சம் உயர்த்திச் சொறிந்தாள். அங்கே சிவப்பாக ஒரு சதுரம். நான் வழுக்குப் பாறையில் இரண்டு எட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது எட்டுக்குக் காலைத் தூக்கும்போது இடுப்பில் மிஷின் அதிர்ந்தது. மூன்று தடவை.

கை தானாக விலாவுக்குப் போனது. ஈரம். சாரலில் எல்லாமே ஈரம்தான், ஆனால் விரலை முகர்ந்தால் அந்த நெடி. ஊர்த் தண்ணீரெல்லாம் கொட்டுகிற இடத்தில், பாசி வாசனையையும் சோப்பு வாசனையையும் தாண்டி அந்த நெடி. நிமிர்ந்தால் பாறையில் யாரும் இல்லை. கூட இருந்த காவலர்ப் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "யாரக் கூப்பிடுதீங்க மேடம்? எல்லாரும் எறங்கி எவ்வளவு நேரமாச்சு" என்றாள்.

சர்க்கரை நானூறைத் தாண்டினால் கண் மங்கும், இல்லாததும் தெரியும். ஸ்டேஷனில் யாராவது இப்படி எழுதிக் கொடுத்தால் நானே கிழித்துப் போடுவேன். ஆனால் உனக்கு எழுதும்போது நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? அவள் நின்றாள்.

புறக்காவல் நிலையத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உரித்துப் பார்த்தேன். இரண்டு ஜெல்லும் ஊறி ஊதியிருந்தன. குழலின் நுனி தோலுக்குள் போகவே இல்லை, ஜெல்லுக்குள்ளேயே மடங்கிக் கிடந்தது. முந்தின சாயங்காலத்திலிருந்து மிஷின் போட்ட மருந்து பூராவும் இரண்டு லைனிங்குக்கும் நடுவில் தேங்கியிருந்தது. பையிலிருந்த ஊசியால் மருந்து போட்டுக்கொண்டேன். தொடையில் வெறும் தோலில் புதுச் செட்டு இறக்கினேன். தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை எனக்குப் புரிந்தது. புரிந்ததும் இடுப்பிலிருந்து மிஷினை எடுத்தேன்.

மிஷினில் பழைய பதிவுகளைத் தள்ளிக்கொண்டே போனேன். என் மூன்று வாரம் முடிந்ததும் தேதி ஒரே எட்டில் போன வருஷத்துக்குத் தாவியது. அங்கே நீ இருந்தாய். வெள்ளிக்கிழமை காலை ஆறு நாற்பது, முந்நூற்றுப் பன்னிரண்டு, மருந்து போட்டாயிற்று. எட்டரை, இன்னும் கூடுதல், மருந்து போட்டாயிற்று. பத்தே கால், மருந்து போட்டாயிற்று. பன்னிரண்டு மணி வரைக்கும் நீ விடாமல் போட்டிருக்கிறாய். கழற்ற நினைக்கிறவளா அப்படிப் போடுவாள்? நீ கடைசி வரை போராடியிருக்கிறாய், நான் உன்னைக் கூறுகெட்டவள் என்றேன். கடைசியாக ஒரு வரி இருந்தது: நிறுத்தப்பட்டது, நாலு பத்து.

நாலு மணிக்கு உனக்கு நினைவே இல்லை என்று மையத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். அப்படியானால் நிறுத்தியது யார்?

லீவு நாளில் உன் வீட்டுக்குப் போனேன். உன் உம்மா மட்டும்தான் இருந்தார்கள். உன் தையல் மிஷின் மேல் போர்வை போட்டு மூடியிருந்தது. நான் பம்பை எடுத்து மேசையில் வைத்தேன். அதைப் பார்த்ததும் உம்மா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் ஒன்றுமே கேட்கவில்லை.

"நான்தான் புள்ள பிடுங்கினேன்" என்றார்கள். "மூச்சு வாங்கிட்டுக் கிடந்தா. சட்டையத் தூக்கிப் பாத்தா தோலெல்லாம் வெந்து கிடக்கு. இந்தச் சவம்தான் எம் மவளத் திங்குதுன்னு நெனச்சிப் பிச்சி எறிஞ்சேன். அது கத்திக்கிட்டே கிடந்துச்சு. வாயப் பொத்துத மாதிரி எல்லாப் பொத்தானையும் அமுக்கினேன். பொறவுதான் டாக்டரு, அதக் கழட்டினதாலதான் இப்படின்னு சொன்னாரு. அவளே கழட்டினான்னு ஊரு சொல்லுச்சு. நான் வாயத் தொறக்கல. எம் மவள நானே கொன்னுட்டு, பழிய மௌத்தானவ மேல போட்டுட்டு இருக்கேன்."

அந்த நினைவூட்டல்கூட உம்மா அமுக்கியதில் பதிந்ததாக இருக்கலாம். மூன்று தடவை அணைத்தும் ஏன் திரும்பி வந்தது என்பதற்கு அது பதில் இல்லை.

நான் உம்மாவிடம் சொன்னேன். பாறை, பச்சை ஜாக்கெட்டு எதையும் சொல்லவில்லை. லைனிங்கை மட்டும் சொன்னேன். "நீங்க பிடுங்கினது வெறும் மிஷினு உம்மா. வியாழக்கிழமை சாயங்காலத்துலருந்தே ஒரு சொட்டு மருந்து அவளுக்குள்ள போகல. ரெண்டா ஒட்டினது நான். அவ வேண்டாம்னு சொன்னா. நான் கேக்கல." எத்தனையோ பேரிடம் வாக்குமூலம் வாங்கியிருக்கிறேன். கொடுப்பது அதுதான் முதல் தடவை.

உம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். அறைவார்கள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நல்லதுதான். எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். குடிக்கும் வரை நின்றார்கள்.

"ஒரு வருசமா நான் தூக்கிட்டு அலைஞ்சேன்" என்றார்கள். "இப்ப நீ வாங்கிக்கிட்டே. ரொம்பக் கனக்கும் புள்ள. முடியலன்னா இங்கன வந்திரு. கொஞ்ச நேரம் நான் வச்சிருக்கேன்."

இதுவரை இரண்டு தடவை போய்விட்டேன்.