விரதத்துக்காக நிறுத்திய மாத்திரை

தம்பி,

மூன்றாவது வீட்டில் காவடி எடுக்கப் போகிறார்கள். காலையிலேயே வேட்டியை மஞ்சள் தண்ணீரில் முக்கிப் பிழிந்து வேலியில் போட்டுவிட்டார்கள். காற்றடிக்கும்போதெல்லாம் அந்த ஈர மஞ்சள் வாசனை சமையல்கட்டு வரை வருகிறது. சன்னலைச் சாத்தினால் வெக்கை. திறந்தால் வாசனை. அடுப்பை அணைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் வேட்டியையும் நான்தான் நனைத்தேன்.

அம்மா அப்பா போனபிறகு சிம்பாங் ரெங்கம் எஸ்டேட்டை விட்டு நாம் இரண்டு பேரும் இந்த உலு திராம் வீட்டுக்கு வந்தோம். தெப்ராவில் நீ கம்பெனியில் மெஷின் பார்த்தாய். நான் அதே கம்பெனி கேன்டீனில் காய் வெட்டினேன். ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு நீ ஃபேனை நிறுத்தச் சொல்ல ஆரம்பித்தாய். அதற்குள் ஒரு ஆள் இருந்து உன்னைத் திட்டுகிறான் என்றாய். சோற்றைப் போட்டால் முதல் வாய் நான் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். கிளினிக்கில் சீன டாக்டரம்மா, இது மூளையில் வருகிற நோய், மருந்து விடாமல் சாப்பிட்டால் அடங்கும் என்றார். அடங்கியது. ஒரு நாள் நீ ஃபேனை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாய்.

"அக்கா, அந்த ஆளு வேலைய விட்டுட்டுப் போய்ட்டான் போல."

நானும் சிரித்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் முருகனுக்கு நேர்ந்துகொண்டேன். உன்னைக் கேட்காமலே உனக்குக் காவடி.

நாற்பத்தெட்டு நாள் சைவ விரதம். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கேன்டீனில் கூட வேலை செய்யும் மலாய்க்காரப் பெண், மாத்திரையின் மேல்கூடு மாட்டு எலும்பில் செய்வது, அதனால் தாங்கள் ஹலால் பார்த்துத்தான் வாங்குவோம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் அதற்குமேல் சோறு இறங்கவில்லை. உன் மாத்திரை கூடு போட்ட மாத்திரை. வேலுக்கு முன்னால் நிற்கப்போகிற உடம்புக்குள் தினமும் மாடு போகிறதே என்று நினைத்தேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னேன்.

"டாக்டரம்மா ஏசுவாங்களே அக்கா" என்றாய்.

"நாப்பத்தெட்டு நாள்தானே. முருகன் பாத்துக்குவாரு லா. நீ சும்மா இரு."

சும்மா இருந்தாய். நான் சொன்னால் நீ எப்போதும் கேட்பாய்.

மூன்று வாரத்தில் உனக்குத் தூக்கம் போய்விட்டது. கோயிலில் பஜனை நடக்கும்போது உடம்பு உதறியது. யாரையோ பார்த்துப் பேசினாய். பூசாரி உன் நெற்றியில் திருநீறு பூசி, "அருள் வந்துருச்சு" என்றார். பெண்கள் உன் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒருத்தி தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று உன்னிடம் கேட்டாள். எனக்கு நெஞ்சு பூரித்துப்போனது. அதுவரை கோயிலில் நம்மை யார் திரும்பிப் பார்த்தார்கள்?

வீட்டுக்கு நடந்து வரும்போது நீ என் கையைப் பிடித்தாய்.

"அக்கா, இது சாமி இல்லக்கா. அதே ஆளுதான். திரும்ப வந்துட்டான்."

"வாயில அடி. சாமிய அப்படிப் பேசாத."

அன்றைக்கு உன் கை எவ்வளவு சூடாக இருந்தது என்பது நினைவிருக்கிறது. உன் முகத்தைப் பார்த்தேனா என்பது நினைவில்லை.

அந்த வாரமே, ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டில் லோரி ஓட்டுகிற நம் லோரி அண்ணன் வாசலில் நின்று யாரையோ கையசைத்துக் கூப்பிட்டார். உன்னைக் கொல்ல ஆள் கூப்பிடுகிறார் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. புல் வெட்டும் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு போனாய். அவருடைய வலது கை போய்விட்டது. நமக்குத் தேங்காய் உரித்துக் கொடுத்த கை. போலீஸ் வரும்வரை நீ சாக்கடை ஓரம் குந்திக்கொண்டு, "அண்ணனுக்குத் தண்ணி குடுங்க, அண்ணனுக்குத் தண்ணி குடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

கோர்ட்டில், செய்தது நீதான், ஆனால் புத்தி உன் வசத்தில் இல்லை என்றார்கள். ஜெயிலுக்குப் பதில் மனநல ஆஸ்பத்திரியில் பூட்டு போட்ட வார்டு. ஜெயில் என்றால் இத்தனை வருஷம் என்று இருக்கும். இதற்கு விடுதலைத் தேதியே கிடையாது. தெருவில், "பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சிட்டான்" என்று பேசினார்கள். எங்கே தப்பித்தாய் நீ?

முதல் தடவை பார்க்க வந்தபோது தமிழ் நர்ஸிடம் மாட்டு எலும்புக் கதையைச் சொல்லி அழுதேன். "ஒரு வார்த்த கேட்டிருந்தா கூடு இல்லாத மருந்து மாத்திக் குடுத்திருப்பாங்களேம்மா. எத்தன பேருக்கு மாத்திக் குடுக்குறோம்" என்றார். அங்கே உனக்குக் கூடு இல்லாத வில்லை மருந்துதான் கொடுத்தார்கள். மறுபடி தெளிந்தாய். தெளிந்ததும் முதலில் கேட்டது, "அண்ணன் கை சரியாயிடுச்சா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நீ சாப்பிடும்போதெல்லாம் உன் வலது கையையே பார்ப்பாய்.

ஆறு வருஷம் கழித்து வார்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். உனக்கு எவ்வளவோ தேவலை, வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போட்டால் மேலே எழுதி அனுப்பலாம், உன்னை வீட்டுக்கு விடுவார்கள் என்றார். இந்த நோய் வந்தவர்களில் அநேகம் பேர் யார் மேலும் கை வைப்பதே இல்லை, மருந்து நின்ற நாள்தான் ஆபத்து என்றும் சொன்னார். கையெழுத்துப் போட வேண்டிய அந்த விண்ணப்பப் பாரத்தை என் கையில் கொடுத்தார்.

லோரி அண்ணியிடம் சொல்லாமல் முடியுமா? இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அவர் சண்டை போடவில்லை. உள்ளே பார்த்து, அண்ணன் இடது கையால் சோறு பிசைவதைப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"உன் தம்பிதான். கூட்டிட்டு வர வேணாம்னு நான் எப்படிச் சொல்றது? ஆனா நாங்க எங்க போறது, நீயே சொல்லு."

வேறு வீடு பார்க்கலாம் என்று நினைத்தேன். எந்த வீட்டுக்கும் ஒரு பக்கத்து வீடு இருக்கிறது. நான் காலையில் கேன்டீனுக்குப் போனால் உன்னை யார் பார்ப்பது? பூட்டி வைத்தால் அதற்கு வார்டே தேவலையே. உன் மருந்தை என்னை நம்பி எப்படிக் கொடுப்பது? ஒரு தடவை நிறுத்தியவள் நான்தானே.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் நீ கேட்டாய்.

"பாரம் வந்துச்சாக்கா?"

"இன்னும் வரல தம்பி. கவர்மெண்டு வேல, லேட்டாகும்."

"பரவால்லக்கா. நீ அலையாத."

இரண்டு வருஷம் இப்படியே சொன்னேன். கடைசியாக வந்தபோது நீ கேட்கவே இல்லை. அரிசிச் சேமியாவில் மீகூன் பிரட்டிக் கொண்டு வந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு, நல்லாருக்கு என்றாய். அடுத்த வாரம் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் என்று போன் வந்தது. நான் பஸ் ஏறி வருவதற்குள் முடிந்துவிட்டது. உன் உடம்பைக் கொண்டுபோக மூன்று இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். மூன்றிலும் போட்டேன்.

சாவுக்கு லோரி அண்ணன் வந்து இடது கையால் உனக்கு வாய்க்கரிசி போட்டார்.

பாரம் வந்துவிட்டது தம்பி. டாக்டர் கூப்பிட்ட அன்றைக்கே என் கைக்கு வந்துவிட்டது. நீ தெரிந்துகொண்டுதான் கேட்பதை நிறுத்தினாயோ என்று தினமும் நினைக்கிறேன். மன்னித்துக்கொள் என்று எழுதலாம். ஆனால் மன்னிப்புக் கேட்கிறவள் இனி அப்படிச் செய்யமாட்டேன் என்று சொல்ல வேண்டும். நீ இன்றைக்கு எழுந்து வந்து, "கையெழுத்துப் போடுக்கா" என்று பேனாவை நீட்டினால், வாங்கிக்கொள்வேன். உன்னை உட்காரவைத்துச் சோறு போடுவேன். நீ சாப்பிட்டு முடிக்கும்வரை பேனாவைக் கையிலேயே வைத்திருப்பேன்.

போடுவேனா என்று மட்டும் கேட்காதே.

அக்கா