அக்கா சதை, தங்கை சதை

மார்ச் 4

அன்புள்ள துரும்புக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். நீயாகச் சொல்லப்போவதில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் பார்த்துவிட்டதாகக் காட்டுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. கடிதத்தையாவது பிரிக்காமல் விடமாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

இங்கே எல்லாம் அப்படியேதான். ஹோட்டல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டு படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் கால் என்னுடையதே இல்லாத மாதிரி மரத்துக் கிடக்கிறது. சுகர் இறங்குவேனா என்கிறது. மாத்திரையைக் கூட்டினார்கள், சாப்பாட்டைக் குறைத்தேன். உன் மாமா சாப்பிடுவதில் பாதிகூட நான் சாப்பிடுவதில்லை. அவர் ஒல்லியாகவே இருக்கிறார், நான் உருண்டையாகவே இருக்கிறேன். அலுத்துவிட்டதடி.

விஷயத்துக்கு வருகிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா சுகர் வியாதியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். போன வாரம் நானும் போய்ப் படுத்தேன். ஒரு கையில் இன்சுலின் ஏற்றுகிறார்கள், இன்னொரு கையில் சர்க்கரைத் தண்ணீர். அப்புறம் தொடையை மரத்துப்போக வைத்து, சதையில் பயறளவு ஒரு துண்டு எடுக்கிறார்கள். "நாம சாப்பிடுற சர்க்கரையில பெரும்பங்கை எடுத்துக்க வேண்டியது சதைதாம்மா. இன்சுலின் வாசல்ல நின்னு கூப்பிடுது. உங்க சதை காதுலயே வாங்க மாட்டேங்குது" என்றார். "எங்க வீட்டுலயும் ஒருத்தி அப்படித்தான் டாக்டர், போன் அடிச்சா எடுக்கவே மாட்டா" என்றேன். சிரித்துவிட்டார்.

ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு இன்னோர் ஆள் வேண்டுமாம். அதே அப்பா அம்மாவுக்குப் பிறந்த, ஒல்லியான, சுகர் இல்லாத ஆள். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஒரு நாள் வந்துவிட்டுப் போயேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பள்ளியில் விளையாட்டுப் போட்டிகள் நெருங்கிவிட்டன. விசில் ஊதி ஊதி, கத்திக் கத்தித் தொண்டை கட்டிக் கிடக்கிறது. இப்போது லீவு கேட்டால் தலைமையாசிரியர் என்னை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார்.

லீவு கிடைத்தாலும் வரமாட்டேன். எனக்கு ஒரு வியாதியும் இல்லை, என் தொடையில் எதற்கு ஓட்டை போட வேண்டும்? கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைச் சொல்கிறேன். காதில் வாங்காதது உன் சதை இல்லை, நீதான். வாயைக் கட்டு, நட, ஓடு என்று எத்தனை வருஷமாகச் சொல்கிறேன்? அப்பாவும் இப்படித்தான். சுகர் முற்றி ஒரு காலை வெட்டி எடுத்த பிறகுகூடத் தலையணைக்கு அடியில் பிஸ்கட் வைத்திருந்தார். அதே வீட்டில்தானே நானும் வளர்ந்தேன்? எனக்கு ஏன் வரவில்லை?

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

தங்கை


மார்ச் 19

துரும்பு,

உன் கடிதத்தை மாமாவிடம் காட்டவில்லை. "என்ன எழுதியிருக்கா?" என்றார். "உங்களை விசாரிச்சிருக்கா" என்றேன். பொய் இல்லையே.

சொல்லாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன், நீ கிளறிவிட்டாய். அம்மாவின் காரியத்தன்று எல்லார் முன்னாலும் என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினாய், "போதும்க்கா, எல்லாரும் பாக்குறாங்க" என்று. அன்று காலையிலிருந்து வந்தவர்களைக் கவனித்ததில் நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மாத்திரை மட்டும் போட்டிருந்தேன். சுகர் தடாலென்று இறங்கிவிட்டது. கை நடுங்கியது, கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அதனால்தான் அப்படி அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டேன். நீ தட்டோடு போன பிறகு, மாடிப்படிக்குப் பின்னால் நின்று, விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையிடம் மிட்டாய் கேட்டு வாங்கி வாயில் போட்டேன். இந்த வயதில் எனக்கு அது தேவையா?

டாக்டருக்கு ஆள் வேண்டும் என்பது சரி. எனக்கு வேண்டியது வேறு. இது என் வாயால் வந்த வினை இல்லை என்று யாராவது ஒரு தடவை சொல்ல வேண்டும். அதுவும் நீ சொல்ல வேண்டும். அதைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இனி உன்னை வற்புறுத்த மாட்டேன். தொண்டைக்கு வெந்நீர் குடி.

அக்கா


ஏப்ரல் 16

அக்கா,

ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். உனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து வாசலிலேயே நின்றிருப்பாய்.

ஓடச் சொன்னால் நாளெல்லாம் ஓடுவேன். அசையாமல் படு என்றால் எனக்கு உயிர் போகிறது. இரண்டு கையிலும் ஊசியோடு சுவரில் ஓடுகிற பல்லியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். தொடையை அழுத்திப் பார்த்த நர்ஸ், "இவ்வளவு இறுக்கமான சதையை நான் இங்க பார்த்ததே இல்லை மேடம்" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது. உன் டாக்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஆள் கிடைத்தாயிற்று. முடிவு வர நாளாகுமாம்.

அந்தத் தட்டு விஷயம் எனக்குத் தெரியாது. வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும்? நீ ஓர் ஊமைக் கோட்டான். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. போதுமா?

தங்கை


ஜூன் 2

அன்புள்ள துரும்புக்கு,

நீ போய் வந்த சந்தோஷத்தில் இஸ்திரிப் பெட்டியை விரிப்பின் மேலேயே வைத்து மறந்துவிட்டேன். கருகிவிட்டது. சூப்பர்வைசர் கத்தினார். கத்திவிட்டுப் போகட்டும்.

ஒன்றரை மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. போட்டிகளெல்லாம் முடிந்திருக்குமே? முடிவு வந்ததா? உனக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும், தெரியும். "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேனே" என்றுதானே எழுதப்போகிறாய்? எழுதிவிடு. திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்தான். நீ சும்மா இருப்பதுதான் தாங்கவில்லை.

அக்கா


ஜூன் 10

அக்கா,

முடிவு வந்து மூன்று வாரமாகிறது. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

என் சதையும் காதில் வாங்கவில்லையாம். கிட்டத்தட்ட உன்னுடையதைப் போலவே. இரத்தத்தில் சுகர் இன்னும் ஏறவில்லை, அவ்வளவுதான். கணையம் அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டிக்கொண்டிருக்கிறதாம். "அது அசந்துட்டா உங்களுக்கும் வந்துடும்" என்றார் டாக்டர். "அப்பா வழியில வந்திருக்கலாம். நீங்க ஓடிக்கிட்டே இருக்கிறதாலதான் தள்ளிப்போயிருக்கு. ஓடும்போதும் நடக்கும்போதும் இன்சுலின் கூப்பிடாமலே சதை சர்க்கரையை எடுத்துக்கும்." எடை கூடினால் இன்னும் மோசமாகும் என்றும் சொன்னார். அதனால் நீ நடக்கத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை.

ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்ட நாள் எனக்கு நினைவில்லை அக்கா. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. காலையில் மைதானத்துக்குப் போகிறேன். பிள்ளைகளை ஓடச் சொல்லிவிட்டு நான் நின்றுவிடுகிறேன். களைப்பாக இருக்கிறது.

நீ கேட்டதை எழுதிவிடுகிறேன். இது உன் வாயால் வந்தது இல்லை. நான்தான் தெரியாமல் பேசிக்கொண்டிருந்தேன்.

தங்கை


ஜூன் 15

என் கண்ணே,

கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் ஓடினேன். "என் சதையையே ரெண்டு தடவை பார்த்துட்டீங்க, பேரு மாறிப்போச்சு" என்று சண்டை போட்டேன். அடுத்தவர் விஷயத்தை என்னிடம் பேசக்கூடாதாம். "அடுத்தவளா? அவ என் தங்கச்சி. அவளே எனக்கு எழுதியிருக்கா" என்று உன் கடிதத்தை நீட்டினேன். பாவம், என்னை உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, "மாறலைம்மா" என்றார். "இன்னொரு துண்டு என் தொடையிலயே எடுத்துக்குங்க, அவளை விட்டுடுங்க" என்று கெஞ்சினேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுத அழுகையைப் பார்த்து, யாரோ ஓர் அம்மா தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

நீ எழுதிய அந்த ஒரு வரிக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன்! கைக்கு வந்துவிட்டது. எனக்கு வேண்டாம். நீயே திருப்பி எடுத்துக்கொள்.

நான் தின்றுதான் கெட்டேன். யாருக்கும் தெரியாமல் தின்றேன், தெரிந்தும் தின்றேன், அப்படியே இருக்கட்டும். "சோத்து மூட்டை" என்று நாலு வரி திட்டி எழுது, ஒரு வார்த்தைகூடப் பதில் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன். உனக்கு ஒன்றும் இல்லை என்று மட்டும் அதில் சேர்த்து எழுதிவிடு.

நாளைக்கு மைதானத்தில் நிற்காதே. பிள்ளைகளோடு நீயும் ஓடு. எனக்காகவாவது ஓடு.

உன்
அக்கா