தேய்த்து அழித்த நம்பர்

தலவாக்கலை

அன்பு மகன் றுமைஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், கட்டார் வெயிலில் நீயும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே மழை விடவில்லை, நம் கடையில் குடை மட்டும்தான் விற்கிறது. போனில் பேசினால் பக்கத்து அறையில் உன் தம்பி அஃப்ஹமுக்குக் கேட்கும், அதனால் எழுதிப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

வெள்ளத்தில் போன தேயிலைத் தோட்டத்துப் பாலத்துக்குப் பதிலாக அஃப்ஹமின் தொழிற்பயிற்சி வகுப்புப் பிள்ளைகள் இரும்புப் பாலம் செய்தார்கள் அல்லவா. ஒவ்வொரு வெல்டிங் ஒட்டுக்குப் பக்கத்திலும் ஒட்டியவன் தன் வகுப்பு நம்பரை அடித்து வைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு வெல்டிங் படிப்பிக்கும் கணேசமூர்த்தி சேரின் சட்டம். அதைப் பார்த்து அவர் சரி சொன்ன பிறகுதான் பெயின்ட். அவர் காய்ச்சலில் கிடந்த நேரம் இந்தக் கெட்டிக்காரர்கள் அவசரமாக வேலையை முடித்து, யாரும் தனியாக ஏச்சு வாங்கக் கூடாதென்று எல்லா நம்பரையும் தேய்த்து அழித்து, பச்சை பெயின்டும் பூசிவிட்டார்கள். ஒற்றுமையாம். சேர் வந்து ஏசவில்லை. பிழை விட்டவன் இடத்தைக் காட்டினால் போதும், கூட நின்று திரும்ப ஒட்ட வைக்கிறேன் என்றாராம். ஒருவனும் காட்டவில்லை. நாளைய திறப்பு விழாவைத் தள்ளிவைக்கச் சொல்லித் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறார், எந்த இடம் பிழை என்று காட்டச் சொன்னார்களாம், நம்பர் இல்லாமல் அவரால் காட்ட முடியவில்லை.

நேற்று அஃப்ஹம் சோற்றைப் பிசைந்துகொண்டே, உம்மா, நீங்க அந்தப் பாலத்தால போக வாணாம் என்றான். ஏன் என்றேன், சும்மாதான் என்றான். பெற்ற தாய்க்கு மட்டும் சொல்லியிருக்கிறான். நாளைக் காலை அதில் ஏறப்போவது கொழுந்து எடுக்கும் பெண்கள். அவர்களில் ஒருத்தியான ராசம்மா சீனி வாங்க வந்தபோது போகாதே என்றேன், புதுப் பாலம் இருக்கையில எதுக்குங்க சுத்திப் போகணும் என்று சிரிக்கிறாள். வாப்பாவிடம் சொன்னால் அடிப்பார், இவன் இன்னும் இறுகிப்போவான். நான் சேரிடம் போனாலும் எந்த ஒட்டு என்று எனக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும்.

அதனால் விடிய சுபஹ் தொழுதுவிட்டு ராசம்மாவுக்கு முன்னால் நான் ஏறப்போகிறேன். அவனிடமும் சொல்லிவிட்டேன். விளையாட வாணாம் உம்மா என்றான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது.

மூத்தவன் நீ, நானா சொன்னால் அவன் கேட்பான். ஏசாதே, சேரிடம் போய் இடத்தைக் காட்டச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உங்கள் இருவரையும் காப்பானாக. சுபஹுக்கு முன்னால் அவனுக்குப் போன் கோல் எடு, அதற்குப் பிறகு நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் உம்மா
ஆமினா