கேட்டை, மூட்டை, செவ்வாய்க்கிழமை

ஐப்பசி 9, வியாழன்

காலை முழுதும் தூறல். வாவியின்மேல் மூடுபனி. குடைக்கம்பி முறிந்தது, திருத்துகிறவன் கடை பூட்டியிருந்தது.

முன்பெல்லாம் கோப்பி வண்டிகளின் நெரிசலில் தெருவைக் கடப்பதே பாடு. இன்று மலையிலிருந்து இறங்கியது ஒரே ஒரு கரத்தை வண்டி, அதுவும் அரைப்பாரம். இலைநோய் தோட்டங்களைத் தின்றுவிட்டது. துரைமார் வானத்தைத் திட்டுகிறார்கள். வானத்துக்கு ஆங்கிலம் தெரியாது. மொழிபெயர்க்க, நீதிமன்றத் துபாஷியாகிய என்னை இன்னும் அழைக்காததுதான் வியப்பு.

மாலையில் மைத்துனன் கந்தையா. கோப்பி சேமிக்கும் கிட்டங்கியில் கணக்கெழுதியவன். கிட்டங்கி மூடியாயிற்று. வருகிற புதன்கிழமை யாழ்ப்பாணத்துக்கே திரும்புகிறானாம். மாத்தளை வரை ரயில், அப்பால் மாட்டுக் கரத்தை.

"செவ்வாய்க்கிழமை உங்கடை பிறந்தநாளல்லோ, அத்தான். அதுவரைக்கும் இஞ்சை நிண்டு, சாப்பிட்டிட்டுத்தான் போவன்."

என் பிறந்தநாளை என்னிலும் நன்றாக அவன் வயிறு நினைவில் வைத்திருக்கிறது.

அவன் குளிக்கப் போனபின் மனைவி சிவக்கொழுந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைக்கு இது எட்டாம் மாசம். தலைப்பிள்ளை. தாய் பக்கத்திலை இருக்கவேணும். தம்பியோடை நானும் போகட்டே?"

பிள்ளை என்றது எங்கள் மகள் பாக்கியத்தை. என் சொல்லை மீறி, யாழ்ப்பாணத்து அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் ஒருவனை மணந்தவள். எனக்கு எழுதிய முதற் கடிதத்திலேயே தன்னை 'மறுமகன்' என்று குறித்துக்கொண்ட மகான் அவன். வல்லின றகரம். எழுத்துக் கோப்பதே பிழைப்பு, அதிலும் இப்படி! அந்த வீட்டு வாசலை நாங்கள் மிதிப்பதில்லை என்று அன்று விதித்தேன். இன்றுவரை தளர்த்த ஒரு காரணமும் காணேன்.

முடியாது என்றேன். போய் உலை வைத்தாள்.

ஐப்பசி 10, வெள்ளி

மழை விட்டது. காலுறைக்குள் அட்டை. நீதிமன்றில் சேர்ந்த பிறகே கண்டேன்.

வழக்கு: காத்தாயி என்னும் தோட்டத்துப் பெண் வேலையைவிட்டு ஓடியதாகக் கங்காணியின் முறைப்பாடு. தங்கையின் பேறுகாலத்துக்கு நாவலப்பிட்டி போனாளாம். திரும்பித் தோட்டத்துக்கு வரும் வழியில் பிடித்திருக்கிறார்கள்.

"ஓடலீங்க. போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனேன். கங்காணியையே கேளுங்க."

கங்காணி: "சொன்னா, சாமி. அது எல்லாரும் சொல்றதுதானுங்களே. சுடுகாட்டுக்குப் போறவனுக்கு வாயிருந்தா அவனும் அதத்தான் சொல்லுவான்."

அவள் பக்கத்து வழக்கறிஞன், பறங்கிப் பையல், துள்ளி எழுந்தான். திரும்புவேன் என்று வாக்களித்துச் சென்றவளை ஓடியவள் எனலாமா? நீதிபதி என்னைப் பார்த்தார். நான் சென்னைச் சர்வகலாசாலையில் பட்டம் பெற்றபோது இவருக்குப் பாற்பல் விழுந்திராது. இவர் அமர்ந்திருப்பார், நான் நிற்பேன், அதுவே ஏற்பாடு. அச்சொல் ஒரு வாக்குறுதியா என்று கேட்டார். இம்மன்றில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் அறிவுள்ள வினா.

அன்று என்றேன். விடைபெறும்போது 'போகிறேன்' என்பது தமிழருக்கு அமங்கலம். ஆகையால் திரும்புகிறவரும் திரும்பாதவரும் 'போய் வருகிறேன்' என்றே சொல்வர். வருகை அதில் வெறும் அலங்காரம்.

பறங்கியின் வாய் திறந்தபடி நின்றது. தீர்ப்பு: குற்றவாளி. சிறை.

கூண்டிலிருந்து இறங்கும்போது காத்தாயி என்னைக் கேட்டாள்: "அப்ப, போறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கணுமா, சாமி?"

அதை மொழிபெயர்க்கும்படி எவரும் பணிக்கவில்லை.

ஐப்பசி 11, சனி

எண்ணெய் முழுக்கு. வெந்நீர் போதவில்லை. வாங்க: மைத்தூள், குடைக்கம்பி, ஏலம்.

சாப்பிடும்போது நேற்றைய வழக்கைச் சொன்னேன். பறங்கியின் முகம் போன போக்கை நடித்தும் காட்டினேன். கந்தையா சிரித்தான், அவன் மாடு கனைத்தாலும் சிரிப்பான். சிவக்கொழுந்தின் அகப்பை பாதியில் நின்றது.

"அப்ப, திரும்பி வாறவை என்னெண்டு சொல்லுறது?"

போட்டு வாறன் என்று. 'போய் வருகிறேன்' என்பதன் யாழ்ப்பாண வழக்கு.

"வராதவை?"

அவர்களும் அதையே.

"அப்ப, கேக்கிற ஆளுக்கு எப்பிடித் தெரியும்?"

தெரியவேண்டிய அவசியமில்லை என்றேன். ஒழுங்கான வினாக்கள்தாம். இவளுக்கு நன்னூல் கற்பித்திருக்கலாம். தம்பிக்குக் கற்பிப்பதைவிடப் பலன் இருந்திருக்கும்.

ஐப்பசி 13, திங்கள்

மந்தாரம். முதுகுவலி. நேற்று எழுதவில்லை, எழுத எதுவுமில்லை.

சிவக்கொழுந்து அலுமாரியை ஒழுங்குபடுத்துகிறாள். என் பழைய வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து மடிக்கிறாள். வீடு துடைக்கவாக்கும். துடைக்க இவ்வளவு மெல்லிய துணி வீண்.

கந்தையா வாயெடுத்தான்: "பொன் கிடைச்சாலும் புதன் கிடையாதெண்டு சொல்லுவினம், அத்தான். அக்காவையும் விடுங்கோவன்."

புதன் வடக்கே சூலம் என்றேன். சூலத்தை நம்புகிறவன் அல்லேன். எனினும் மூடரோடு வாதிட மூடரின் ஆயுதமே தோது.

"அதுக்குப் பால் குடிச்சிட்டுப் போனால் சரியல்லோ." சிவக்கொழுந்து. துணியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

முடியாது என்றேன் மறுபடி.

ஐப்பசி 14, செவ்வாய்

பிறந்தநாள். கேட்டை நட்சத்திரம். ஐம்பத்து நான்கு நிறைவு. மழை.

கோவிலில் அர்ச்சனை. ஐயர் இவ்வருடமும் என் பெயரைப் பிழையாகவே உச்சரித்தார். பிழையான பெயருக்குக் கிடைத்த அருள் எவனுக்குப் போயிற்றோ.

நீதிபதி வாழ்த்தினார், கைகொடுக்காமல். இந்நாள் பல முறை திரும்பி வருக என்பது ஆங்கிலேயர் வாய்பாடு. அவர்களுக்கும் திரும்பி வருதல் அலங்காரந்தான்.

பகல் சாப்பாடு: வடை, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், பாயசம். கந்தையா மூன்றாம் முறை இலையை நீட்டியபடி:

"அத்தானுக்குக் கேட்டை. இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. மூட்டை ஒண்டுதான் குறை!"

சாக்குப்போக்குச் சொல்கிறவனைப் பழிக்கும் வழக்கு. 'கேட்டை, மூட்டை, செவ்வாய்க்கிழமை.' தானே சொன்னான், தானே சிரித்தான்.

"மூட்டை கட்டியாச்சு," என்றாள் சிவக்கொழுந்து, பாயசம் ஊற்றியபடி.

தம்பியின் மூட்டையைச் சொல்கிறாள். போகட்டும், ஒரு வாய் குறையும்.

பாயசம் நன்று. ஏலம் சற்று அதிகம்.

ஐப்பசி 15, புதன்

வானம் வெளித்திருந்தது. ரயிலடிக்குப் போகக் கரத்தை வாசலில். கந்தையா ஏறி உட்கார்ந்திருந்தான். இன்று சிரிப்பில்லை, என் பக்கம் பார்க்கவுமில்லை.

அடுக்களையில் சிவக்கொழுந்து நின்றபடியே ஒரு கிண்ணம் பால் குடித்தாள். பால் அவளுக்குப் பிடிக்காது. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். அதன் பிறகே படியில் மூட்டை இரண்டு இருப்பதைக் கண்டேன். ஒன்றின் வாயில் என் வேட்டித் துணிகள், சதுரமாய் மடித்தபடி.

சொல்ல இருந்தவை: என் கட்டளை, சூலம், அந்த மறுமகன். எல்லாம் அவள் ஏற்கெனவே கேட்டவை.

"சோறு மூடி வைச்சிருக்கு. பின்னேரம் முன்வீட்டுப் பொன்னம்மா வந்து சமைச்சுத் தருவா. நான் போறன்."

"போட்டு வாறன் எண்டு சொல்லும்," என்று திருத்தினேன்.

மூட்டையைக் கையிலெடுத்தாள்.

"நான் பிழையாச் சொல்லேல்லை."