பறக்கும் நேரம் மட்டும்

ஜூன் 2
தங்கைக்குக் கல்யாணம். இருபதாம் தேதி காலை, பதிவு அலுவலகத்தில், இங்கிருந்து பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். "அக்கா, நீ வந்து சாட்சிக் கையெழுத்துப் போடலைன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று போனில் ஒரே பிடிவாதம். அம்மா போனதிலிருந்து நான் செல்லம் கொடுத்து வளர்த்த பிடிவாதம்தான்.

பத்து வருஷமாக விமான டிக்கெட் விற்கிறேன். ஒரு தடவைகூட ஏறியதில்லை. பயம். இதற்கு முன் இரண்டு முறை கூப்பிட்டாள், இரண்டு முறையும் சாக்குச் சொன்னேன். இந்த முறை என்ன சொல்வது?

ஜூன் 4
டிக்கெட் போட்டாகிவிட்டது. நேராகப் போகும் விமானம் பதினைந்து மணி நேரம் நிற்காமல் பறக்கும் — நம்மால் ஆகாது. நான் எடுத்தது இரண்டு விமானம். ஒன்பது மணி நேரம், எட்டு மணி நேரம். நடுவில் தரையில் கால் வைக்கலாம். பதினெட்டாம் தேதி இரவு ஏறினால் பத்தொன்பதாம் தேதி அங்கே. தங்கைக்கு அனுப்பி, பத்தொன்பதாம் தேதி ஏர்போர்ட்டுக்கு வரச் சொன்னேன். "சூப்பர்க்கா" என்று மட்டும் பதில். வாய் ஓயாதவளுக்கு என்ன ஆயிற்று?

ஜூன் 5
ஒன்பது, எட்டு. ஒன்பது, எட்டு. பல் தேய்க்கும்போதும் இதே.

ஜூன் 12
பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர் டிக்கெட் போட வந்தார். மகனைப் பார்க்கப் போகிறாராம். "ரெண்டு ஃப்ளைட்டும் சேத்து பதினாறு மணி நேரம்தானேம்மா?"

"பறக்கறதை மட்டும் கூட்டினா எப்படிங்க? நடுவுல அடுத்த ஃப்ளைட்டுக்குக் காத்திருக்கறது யார் கணக்கு?" என்று சிரித்தேன்.

சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. என் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். நடுவில் பதின்மூன்று மணி நேரம்! அந்த ஊர் நேரம் வேறு நமக்கு ஆறரை மணி முன்னால்; நான் போய் இறங்குவது இருபதாம் தேதி மத்தியானம்.

பயம் பறப்பதில்தானே — அதை மட்டும் எண்ணியிருக்கிறேன். ஊருக்கே கணக்குச் சொல்றவளுக்கு இதுகூடவா தெரியல? ஐயோ, அவ அங்க தனியா நிப்பாளே!

ஜூன் 13
முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வெகுநேரம் கம்ப்யூட்டரைத் தட்டினார். "நேரா போறதுல மட்டும் ஒரே ஒரு சீட் இருக்கு. போடவா, வேண்டாமா?"

"போடுங்க" என்றது நான்தானா?

தங்கையிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் ஆயுசுக்கும் ஓட்டுவாள்.

ஜூன் 18
கிளம்புகிறேன். பாஸ்போர்ட்டை நாலு தடவை எடுத்துப் பார்த்தாகிவிட்டது.

ஜூன் 19
உயிரோடு இருக்கிறேன்! விமானம் கிளம்பியபோது பக்கத்து சீட்டு அம்மாளின் கையைப் பிடித்தவள், சாப்பாடு வந்தபோதுதான் விட்டேன். அப்புறம் அவர் தோளிலேயே தூங்கிவிட்டேன்.

வெளியே வந்தால் தங்கையைக் காணோம். போன் செய்தேன்.

"ஏர்போர்ட்ல இருக்கேன்டி."

"தெரியும்க்கா. அடுத்த ஃப்ளைட்டுக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கே. போய் ஏதாவது சாப்பிடு."

"அடியே, உன் ஊர் ஏர்போர்ட்ல!"

"அங்கேயே இரு!" என்று ஒரு கத்தல்.

காரில் வந்து சேர்ந்ததும் சொன்னாள்: நான் டிக்கெட் அனுப்பிய அன்றே அந்தப் பதின்மூன்று மணி நேரத்தைப் பார்த்துவிட்டாளாம். அன்றே கல்யாணத்தை இருபத்தொன்றுக்கு மாற்றியும் விட்டாளாம்.

"ஏன்டி சொல்லலை?"

"சொன்னா, 'நேரத்துக்கு வர முடியாது, விட்டுடு'ன்னு சொல்லிடுவ. எனக்குத் தெரியாதா உன்னை?"

கோபம் வந்தது, அழுகையும் வந்தது. வாசலிலேயே இரண்டு பேரும் அழுது முடித்துவிட்டுத்தான் காரில் ஏறினோம்.

ஜூன் 21
கையெழுத்துப் போட்டேன். கண் கலங்கியதில் கொஞ்சம் கோணல்.

திரும்பும் டிக்கெட் பழையதுதான். இரண்டு விமானம், நடுவில் பதினோரு மணி நேரம். முதலாளிக்குச் செய்தி அனுப்பினேன்: "நேரா வர்றதுல சீட் இருக்கா பாருங்க." அந்தப் பதினோரு மணி நேரத்தை இங்கே இவளோடு இருந்துவிட்டு வருகிறேன். ஜன்னல் சீட்டானாலும் சரி.