தம்பி கட்டிக்கிட்ட காப்பு

மார்ச் 18, செவ்வாய் ராத்திரி

நெஞ்சு கொதிக்குது. வெள்ளிக்கிழமை கொழும்புல தம்பிக்கு ஆப்பரேஷன். தொண்டையில கேன்சர் கட்டி இப்ப சின்னதா இருக்காம். ரோபோ கைய வாய் வழியா விட்டு எடுத்துறலாமாம், டாக்டர்தான் ஒக்காந்து அத ஓட்டுவாராம். வளந்துட்டா கழுத்தத்தான் அறுக்கணும், பேச்சே போனாலும் போயிரும்னாரு.

இவன் என்னடான்னா, இன்னைக்கு எங்க தேயிலைத் தோட்டத்து மாரியம்மனோட பத்து நாள் திருவிழாவுக்குக் காப்பு கட்டிக்கிட்டு வந்து நிக்கிறான்.

"காப்பு கட்டுனவன் திருவிழா முடியிற வரைக்கும் தோட்டத்து எல்லையத் தாண்டக் கூடாதுக்கா. நீதானே எல்லாருக்கும் சொல்லுவ?"

"பக்தியாடா இது? பயந்தாங்கொள்ளி! ஆத்தா சீலைக்குப் பின்னால ஒளியிறியா?"

"மெஷினு தொண்டைக்குள்ள போவுதுக்கா"ன்னு அழுவுறான்.

விடிஞ்சதும் நானே அந்தக் காப்ப அவுத்துருவேன். பூசாரியக்கூட கேக்கப்போறதில்ல. குத்தம்னா ஆத்தா எங்கிட்ட வந்து கேக்கட்டும். எனக்கும் அவகிட்ட கேக்க நெறைய இருக்கு.