பழுப்பேறாத இடம்

என் உயிரின் செம்பாதிக்கு,

நம் மகள் கண்மூடியபின் நீ உன் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாய். அவள் ஓடைப்படுகையில் பொறுக்கிய கற்களை நேற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசென்றேன். ஆய்வாளர் அம்மையார் விளிம்புகளை உருப்பெருக்கியில் நோக்கி, அவை ஆதிமனிதர் செதுக்கிய கைக்கோடரிகளே என்றார்.

ஒன்றைப் புரட்டியதும் முகம் சுளித்தார்.

"பழைய செதுக்கெல்லாம் பழுப்பேறிக் கிடக்கு. இங்க மட்டும் வெள்ளையா இருக்கு பாருங்க. இப்பதான் தட்டியிருக்காங்க. எந்தக் குரங்கு வேலைங்க இது?"

"எங்க வீட்டுக் குரங்குதாம்மா."

அந்த வெள்ளை வடுவை விரலால் தடவிப் பார்த்தேன்.

சிதைந்த கல் காட்சிக்கு ஆகாதென்று அதை மட்டும் திருப்பித் தந்தார். அவள் தட்டிய அவ்விடமும் பழுப்பேறப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகுமாம். அதுவரை என்னால் தனித்திருக்க இயலாது. வந்துவிடு.

என்றும் உன்னவன்